நடுவில் ஒரு தட்டு, சுற்றி ஆறு பேர்: புதுச்சேரியில் கடலுணவு சாப்பிடப் போகிறவர்கள் என்னிடம் கேட்பவை

நான் கடலூர் முதுநகர்க்காரன். துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவன், இப்போது பன்னிரண்டு வருடமாகப் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் குடியிருக்கிறேன். மாதத்துக்கு ஒரு முறையாவது குடும்பத்தோடு வெளியே போய் மீன் சாப்பிடுவோம், பெரும்பாலும் மிஷன் வீதிக்குக் கிழக்கே இருக்கும் ஒரே உணவகத்தில்தான். சனி, ஞாயிறு வந்தால் வாசலில் இருபது பேராவது நிற்பார்கள். அங்கே ஆளுக்கொரு தட்டு என்று வராது. மீனோ நண்டோ பெரிய தட்டில் மேஜை நடுவில் வந்து இறங்கும், சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் எடுத்துச் சாப்பிட வேண்டும். சென்னையிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வருகிற சொந்தக்காரர்கள், ஆபீஸ் நண்பர்கள் எல்லோரும் கிளம்புவதற்கு முதல் நாள் போன் செய்து ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். எழுதி வைத்துவிட்டால் அனுப்பச் சௌகரியம். கடையின் பெயரைப் போடவில்லை, ஏனென்றால் இங்கே சொல்வதெல்லாம் இந்த மாதிரி எந்தக் கடைக்கும் பொருந்தும்.

ஷேரிங் பிளேட் என்றால் என்ன? இரண்டு பேர் ஒரு பிரியாணியைப் பிரித்துக்கொள்வது போலவா?

அதில்லை. பிரியாணி ஒரு ஆளுக்கென்று அளந்து வருவது, நாம்தான் பிரிக்கிறோம். இது சமைக்கும்போதே இரண்டு மூன்று பேருக்கு என்று சமைத்து வருவது. இன்னொரு வித்தியாசம், எல்லாம் ஒரே நேரத்தில் வராது. எது முதலில் அடுப்பிலிருந்து இறங்குகிறதோ அது முதலில் வரும். நெத்திலி வறுவல் பத்து நிமிடத்தில் வந்துவிடும், முழு மீன் வர அரைமணி நேரம்கூட ஆகும். இது தெரியாமல் "எல்லாத்தையும் ஒண்ணா கொண்டு வாங்க" என்று சொல்லி, வந்த வறுவலை ஆறவிட்டுக் காத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். வந்ததும் சாப்பிடுங்கள். வறுத்த மீன் ஐந்து நிமிடம் காத்திருந்தாலே மொறுமொறுப்பு போய்விடும்.

எல்லோரும் ஒரே தட்டில் கை வைத்தால் எச்சில் ஆகாதா?

இதை வெட்கப்படாமல் கேளுங்கள், ஏனென்றால் இந்தக் கூச்சத்தால்தான் பல பேர் சரியாகச் சாப்பிடாமல் எழுந்துவிடுகிறார்கள். நம் வீட்டிலும் குழம்புச் சட்டி ஒன்றுதான், ஆனால் பரிமாற ஒரு ஆள் இருப்பார், சாப்பிடுகிற கை சட்டிக்குப் போகாது. அதே முறையை இங்கேயும் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கரண்டியோ இடுக்கியோ கேளுங்கள், உட்கார்ந்ததுமே கேட்டுவிட்டால் சப்ளையர் அந்த மேஜைக்குத் தவறாமல் வைப்பார். அந்தக் கரண்டியை இடது கையால் பிடித்து எடுத்துப் போட்டுக்கொள்வது இப்போது யாருக்கும் தப்பாகத் தெரிவதில்லை, சாப்பிடுகிற கையால் பிடித்து அதில் மசாலாவை ஈஷுவதைவிட அது எவ்வளவோ மேல். நண்டு வந்தால் மட்டும் முதலிலேயே ஆளுக்கு ஒன்று என்று பிரித்துப் போட்டுவிடுங்கள். நண்டில் இறங்கிய கையை யாராலும் சுத்தமாக வைத்திருக்க முடியாது.

எத்தனை தட்டு சொல்ல வேண்டும்?

நான்கு பேருக்கு முதலில் மூன்று. ஒரு சின்ன வறுவல் (நெத்திலி அல்லது கணவாய்), ஒரு முழு மீன், ஒரு இறால். அதோடு நிறுத்திவிட்டுச் சாப்பிட ஆரம்பியுங்கள். பசியோடு மெனுவைப் பார்க்கும்போது ஏழு தட்டு சொல்லத் தோன்றும். நாலாவது தட்டு வரும்போது வயிறு நிறைந்து, கடைசியில் வரும் நல்ல மீனை யாரும் தொடமாட்டார்கள். நண்டு வேண்டும் என்றால் மட்டும் உட்கார்ந்ததும் சொல்லிவிடுங்கள், அதற்கு நேரமாகும். சாதம், ஆப்பம், ரொட்டி எல்லாம் பாதியில் சொன்னால் போதும்.

எந்த மீன் சொல்வது? மெனுவில் இருபது பெயர் இருக்கிறதே.

மெனுவை மூடி வைத்துவிட்டு, "அண்ணா, இன்னைக்கு என்ன மீன் வந்திருக்கு?" என்று கேளுங்கள். என்ன வேண்டுமென்றாலும் இருக்கிறது என்று பதில் வந்தால் அது ஐஸ்பெட்டிக் கடை. "இன்னைக்குப் பாறையும் சங்கராவும் நல்லா இருக்கு, வவ்வால் சின்னதுதான் வந்துச்சு" என்று பதில் வந்தால் காலையில் யாரோ தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்கோ பெரிய மார்க்கெட்டுக்கோ போய் வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படிச் சொல்கிற சப்ளையர் பேச்சைக் கேட்டு நான் ஒருமுறைகூட ஏமாந்ததில்லை.

எனக்குப் பிடித்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். முழு மீனாகச் சுடுவதற்கும் ஆவியில் வேகவைப்பதற்கும் கொடுவா. சதை பெரிய பெரிய இதழாகப் பிரியும். தவாவில் வறுக்கச் சங்கரா. வஞ்சிரம் நல்ல மீன்தான், ஆனால் எல்லோரும் அதையே கேட்பதால் விலை எப்போதும் உச்சத்தில் இருக்கும், கொஞ்சம் கூடுதலாக வறுத்துவிட்டாலும் சக்கையாகிவிடும். கானாங்கெளுத்தியை இந்த மாதிரிக் கடைகளில் யாரும் கேட்பதில்லை. புதிதாக வந்த அன்றைக்குக் கரியில் சுட்டுக் கொடுத்தால் அதன் எண்ணெய்ப் பசைக்கு முன்னால் வஞ்சிரம் நிற்காது. விலையும் பாதிகூட வராது.

வஞ்சிரம் என்று சொல்லி வேறு மீனைக் கொடுக்கிறார்களாமே?

சில இடங்களில் நடக்கிறது. துண்டு போட்டு மசாலா தடவி வறுத்துவிட்டால் கண்டுபிடிப்பது கஷ்டம், மாவுலாவும் கடல்விராலும் அப்படி வந்துவிடும். அதனால்தான் முழு மீனாகக் கேளுங்கள் என்கிறேன், தலையையும் வாலையும் மாற்ற முடியாது. பல கடைகளில் சமைப்பதற்கு முன்னால் மீனைத் தட்டில் வைத்து மேஜைக்கே கொண்டுவந்து காட்டுவார்கள். காட்டும்போது கண்ணைப் பாருங்கள், தெளிவாகப் புடைத்திருக்க வேண்டும். செவுளைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள், சிவப்பாக இருக்க வேண்டும். இப்படிக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை, மார்க்கெட்டில் கேட்பதைத்தான் இங்கேயும் கேட்கிறோம்.

இன்னொன்று: ஃபிஷ் ஃபிங்கர், ஃபிஷ் அண்ட் சிப்ஸ் மாதிரி முள்ளே இல்லாத வெள்ளைத் துண்டுகள் பல இடங்களில் பாசா மீன். அது நன்னீரில் வளர்க்கும் கெளுத்தி வகை, உறையவைத்து வருவது. சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, ஆனால் கடல் மீன் சாப்பிட வந்தவர் அதற்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை.

"மார்க்கெட் விலை" என்று போட்டிருந்தால் என்ன செய்வது?

எடையைக் கேட்க வேண்டும், விலையைக் கேட்க வேண்டும், இரண்டையும் பெருக்கிப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்ட வேண்டும். இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். சில வருடம் முன்னால், இப்போது போகிற கடையில் அல்ல, வேறொரு இடத்தில், சேற்று நண்டு 280 ரூபாய் என்று பார்த்து மலிவாக இருக்கிறதே என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் சின்ன எழுத்தில் 100 கிராமுக்கு என்று இருந்ததை யாரும் பார்க்கவில்லை. வந்த நண்டு 1 கிலோ 100 கிராம். 3,080 ரூபாய், அதற்கு மேல் வரி. என் மனைவி பில்லைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் என்னிடம் நீட்டினாள், அந்த மாதம் நாங்கள் மறுபடி வெளியே சாப்பிடவில்லை. அந்தக் கடைக்காரர் பொய் சொல்லவில்லைதான், ஆனால் நண்டை எடை போட்டதும் ஒரு வார்த்தை வந்து சொல்லியிருக்கலாம். நல்ல கடையில் சொல்வார்கள்.

எடை என்பது சுத்தம் செய்வதற்கு முந்தின எடை என்பதையும் நினைவில் வையுங்கள். செதிளும் செவுளும் குடலும் போய், அடுப்பில் நீரும் வற்றித் தட்டுக்கு வரும்போது மீன் குறைந்துதான் தெரியும். ஏமாற்றிவிட்டார்கள் என்று அதற்காகச் சண்டை போட வேண்டாம்.

தடைக்காலத்தில் வரலாமா? மீனே இருக்காதா?

வரலாம், ஆனால் கேட்டுச் சாப்பிட வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. புதுச்சேரி, காரைக்கால், கடலூர் எல்லாவற்றுக்கும் இதுதான் கணக்கு. மீன் முட்டையிட்டுப் பெருக விடுவதற்கான காலம். ஃபைபர் படகுக்காரர்கள் மட்டும் பக்கத்துக் கடலுக்குள் போய் வருவார்கள், அதனால் கரையோரத்து மீன் கொஞ்சம் கொஞ்சம் கிடைத்துக்கொண்டே இருக்கும்: நெத்திலி, மத்தி, கிழங்கான், சில நாள் நல்ல நண்டு. இந்த மாதங்களில் பெரிய மீன் பெரும்பாலும் கேரளப் பக்கமிருந்து லாரியில் வரும், ஜூனில் அங்கேயும் தடை தொடங்கிவிடுவதால் ஜூன் முதல் பாதிதான் ரொம்பக் கஷ்டமான நேரம். அப்போது வஞ்சிரமும் வவ்வாலும் குவித்து வைத்திருக்கிற கடையில் அது எத்தனை நாள் ஐஸில் இருந்தது என்று யோசிக்க வேண்டும்.

இந்தக் காலத்தில் பண்ணை இறால், வளர்ப்புக் கொடுவா, கழிமுகத்துச் சேற்று நண்டு சொல்லுங்கள். இவை தடையைச் சார்ந்தவை அல்ல. தடை முடிந்து ஜூன் 15க்கு அப்புறம் போன படகுகள் திரும்பி வந்து இறக்குகிற வாரம் இருக்கிறதே, வருடத்தில் ஒரே ஒரு முறை வெளியே சாப்பிடுகிறவர் என்றால் அந்த வாரத்தில் வாருங்கள்.

நண்டை மேஜையில் வைத்து எப்படிச் சாப்பிடுவது? துணியெல்லாம் வீணாகிறது.

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வராதீர்கள், அவ்வளவுதான். கொறடு கொடுப்பார்கள், ஆனால் எங்கள் ஊரில் யாரும் கொறடு வைத்துச் சாப்பிட்டதில்லை. முதலில் கால்களை ஒவ்வொன்றாக உடம்போடு சேரும் இடத்தில் திருகி எடுங்கள். பின்பக்கத்து மடிப்பை விரலால் நெம்பினால் மேல் ஓடு மூடி மாதிரி கழன்று வரும். உள்ளே இரண்டு பக்கமும் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி இழைகள் இருக்கும், அது செவுள், அதைப் பிய்த்துப் போட்டுவிட வேண்டும் (சமைப்பதற்கு முன்னாலேயே நல்ல சமையல்காரர் எடுத்திருப்பார்). அப்புறம் உடம்பை நடுவில் இரண்டாக உடைத்தால் அறை அறையாகச் சதை தெரியும். பெரிய கொடுக்கை மட்டும் கடைவாயில் வைக்காமல் கொறட்டால் உடைத்துக்கொள்ளுங்கள், சேற்று நண்டின் ஓடு பல்லை உடைத்துவிடும்.

கால் மூட்டுக்குள் மாட்டிக்கொண்ட சதைக்கு என் அம்மா செய்வதைப் பாருங்கள்: நண்டுக் காலின் கூரான கடைசிக் கணுவை உடைத்து, அதையே குச்சியாக வைத்து இன்னொரு காலின் ஒரு பக்கத்திலிருந்து மெதுவாகத் தள்ளுவார். மறு பக்கத்தில் சதை உடையாமல் திரி மாதிரி முழுசாக வெளியே வரும். பக்கத்து மேஜைக் குழந்தைகள் இரண்டு பேர் எழுந்து வந்து நின்று பார்த்தார்கள், அவர்களுக்கும் ஒரு கால் எடுத்துச் செய்து காட்டினார்.

பௌர்ணமியில் நண்டு சப்பையாக இருக்குமாமே?

எங்கள் ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும் சொல்வார்கள், அமாவாசை நண்டு கனம், பௌர்ணமி நண்டு காலி என்று. நண்டு ஓட்டைக் கழற்றிப் புது ஓடு போட்ட சமயத்தில் உள்ளே சதை குறைந்து நீர்தான் இருக்கும் என்பது உறுதி. அதனால் நாளைப் பார்ப்பதைவிட நண்டைப் பார்ப்பது நல்லது. ஒரே அளவு இரண்டு நண்டில் எது கையில் கனக்கிறதோ அது. அடிவயிற்று ஓட்டை அழுத்தினால் அமுங்கக் கூடாது. வயிற்றின் வெளியே முட்டை ஒட்டியிருக்கும் சினை நண்டைக் காட்டினால் தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது கடலிலேயே இருந்திருக்க வேண்டியது.

கணவாய் ஏன் ரப்பர் மாதிரி இருக்கிறது?

கூடுதலாக வேகவைத்துவிட்டார்கள். கணவாய் இரண்டு மூன்று நிமிடத்தில் இறங்க வேண்டும், இல்லையென்றால் முக்கால் மணி நேரம் குழம்பிலேயே கிடக்க வேண்டும். நடுவில் எடுத்தால் மெல்லவே முடியாது. திருப்பிக் கொடுத்து வேறு கேளுங்கள். கூட்டமான நேரத்தில் வறுவலாகச் சொல்லாமல் தொக்காகச் சொன்னால் தப்பு நடக்க வாய்ப்பு குறைவு.

இறால் கடலில் பிடித்ததா, பண்ணையா?

பெரும்பாலும் பண்ணை. இப்போது கடைகளில் வருவது வன்னாமி இறால், அமெரிக்கக் கண்டத்தின் பசிபிக் கரையைச் சேர்ந்த இனம், 2009இல் இந்தியாவில் வளர்க்க அனுமதித்தார்கள், அதற்கப்புறம் நம் கரையோரம் முழுக்கப் பரவிவிட்டது. பூண்டு, வெண்ணெய் போட்டுச் செய்கிற தட்டுக்கு அதுவே நன்றாக இருக்கும். குழம்புக்கு மட்டும் கடல் இறால் இருக்கிறதா என்று கேளுங்கள், அந்த இனிப்பு வேறு. தட்டுக்கு வந்த இறாலைப் பாருங்கள்: அரைவட்டமாக வளைந்திருந்தால் பக்குவம், மோதிரம் மாதிரி இறுகச் சுருண்டிருந்தால் நேரம் தாண்டிவிட்டது.

புதுச்சேரி என்றால் பிரெஞ்சுச் சாப்பாடுதானே கேட்க வேண்டும்?

மார்செய் ஊர் மீனவர்களின் புய்யாபேஸ் சூப் இங்கே சில மெனுக்களில் இருக்கும், நல்ல கடையில் சாப்பிட்டுப் பாருங்கள், ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிட அருமை. ஆனால் நான் கேட்கச் சொல்வது வடகம். கத்திரி வெயிலில் சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் இடித்துக் கலந்து, காயவைத்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி வைக்கிற தாளிப்பு வடகம். கடலூர், விழுப்புரம், புதுச்சேரி வீடுகளில் அது இல்லாமல் மீன் குழம்பு இறங்காது. இங்கிருந்த பிரெஞ்சுக்காரர்கள் அதைத் தங்கள் ஊருக்குக் கொண்டுபோய் வடுவான் என்று ஒரு மசாலாவாக்கி வெண்ணெயிலும் கிரீமிலும் போடுகிறார்கள். இன்று புதுச்சேரி உணவகங்கள் சிலவற்றில் அந்த வடுவான் வெண்ணெய் தடவிய மீன் மெனுவில் நிற்கிறது. வாயில் வைத்ததும் எனக்கு எங்கள் மொட்டை மாடிதான் ஞாபகம் வந்தது, பாயில் காயும் வடகத்துக்குக் காக்காய் விரட்ட உட்கார்ந்திருந்த விடுமுறைகள்.

வயதானவர்களை இந்த மாதிரி இடத்துக்குக் கூட்டிப் போகலாமா? அவர்களுக்குப் பிடிக்குமா?

கட்டாயம் கூட்டிப் போங்கள். படியில்லாத தரைத்தளத்தில் மேஜை கேளுங்கள், பாட்டுச் சத்தம் குறைவான மூலையாகக் கேளுங்கள், காரம் குறைத்து ஒரு தட்டு சொல்லுங்கள், அவ்வளவுதான் ஏற்பாடு.

என் அம்மாவுக்கு 64 வயது. முதல் முறை கூப்பிட்டபோது, "மீன் சாப்பிட எதுக்குடா ஓட்டல், நானே செய்யறேன்" என்றார். கடலூரிலிருந்து பஸ் ஏறி வந்தார், வரும்போது பையில் நெத்திலிக் கருவாடும் இருந்தது. அன்று ஒன்றரைக் கிலோ வஞ்சிரம், முழு மீனைத் துண்டு போட்டுத் தவாவில் வறுத்து, தலையிலிருந்து வால் வரை வரிசையாக அடுக்கிக் கொண்டுவந்து வைத்தார்கள். அம்மா கை நேராக வாலுக்குப் போனது. எங்கள் வீட்டில் நடுத்துண்டு அப்பாவுக்கு, அடுத்தவை எனக்கும் தம்பிக்கும், தலை தாத்தாவுக்கு. வால் துண்டும் சட்டியின் அடியில் ஒட்டிய மசாலாவும்தான் அம்மாவுக்கு. "எனக்கு வால்தான்டா பிடிக்கும்" என்று சொல்லிக்கொண்டே இருந்ததால் நாங்களும் அப்படியே நம்பிவிட்டோம். ஒன்பது வயது மகள் தட்டை அப்படியே பாதி சுற்றுத் திருப்பி, "ஆயா, இது பெருசா இருக்கு, இதை எடுத்துக்கோ" என்றாள். அம்மா எடுத்துக்கொண்டு, முள்ளை ஒட்டியிருந்த வெள்ளைச் சதையைப் பிரித்துப் பாதியை அவள் தட்டில் வைக்கப் போனார். "எனக்கு இருக்கு ஆயா" என்று அவள் தன் துண்டைக் காட்டினாள். அப்புறம்தான் சாப்பிட ஆரம்பித்தார். அந்தத் துண்டு முடிந்ததும், யாரும் சொல்லாமலே, இன்னொன்று எடுத்தார். அதுவும் நடுத்துண்டு.

வீட்டில் பரிமாறுகிறவர் கடைசியில் சாப்பிடுகிறார், இங்கே அவரும் நம்மோடு உட்கார்ந்துதான் ஆக வேண்டும். நான் இந்தச் சாப்பாட்டுக்கு இவ்வளவு வக்காலத்து வாங்குவது இதற்காகத்தான்.

சின்னக் குழந்தைகளுக்கு முள் பயம்.

வஞ்சிரம், கொடுவா கொடுங்கள், நடுமுள் பெரிதாக இருக்கும், எடுப்பது சுலபம். வாளையும் மத்தியும் நல்ல மீன்தான், ஆனால் பொடி முள், வெளிச்சம் குறைந்த உணவகத்தில் வேண்டாம். நீங்களே விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு ஊட்டுங்கள்.

இறால் ஒத்துக்கொள்ளாத ஒருவர் கூட வருகிறார். பரவாயில்லையா?

வரலாம், ஆனால் மேஜைக்கு வந்தபின் சொல்லாமல், புக்கிங் செய்யும்போதே சொல்லிவிடுங்கள். இறால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பெரும்பாலும் நண்டும் ஆகாது, இரண்டிலும் ட்ரோபோமயோசின் என்ற ஒரே வகைப் புரதம் இருக்கிறது, வேகவைத்தாலும் அது போகாது. மீன் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளலாம், ஆனால் இறால் பொரித்த அதே எண்ணெயில் மீனைப் பொரித்தால் வினைதான். என் சித்தி மகனுக்கு அப்படித்தான் ஆனது, இறால் சாப்பிடவே இல்லை, மீன் வறுவல் மட்டும் சாப்பிட்டான், பத்து நிமிடத்தில் உதடு வீங்கிவிட்டது. ஆவியில் வேகவைத்த மீனை அவர்களுக்கென்று தனித் தட்டில், தனிக் கரண்டியோடு வாங்குங்கள். மூச்சு இரைக்க ஆரம்பித்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

சூரை, கானாங்கெளுத்தி மாதிரி மீன்களை ஐஸில் வைக்காமல் விட்டிருந்தால் ஹிஸ்டமின் உண்டாகி, ஒவ்வாமை இல்லாதவருக்குக்கூட முகம் சிவந்து அரிக்கும். சமைத்தாலும் போகாது. நாக்கில் மிளகு மாதிரி சுறுசுறுவென்று இருந்தால் அந்த மீனை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கூட்டத்தில் ஒருவர் சைவம்.

அவருக்குத் தனித் தட்டு, தனி எண்ணெயா என்று கேட்டுச் சொல்லுங்கள். பிடிவாதமாக அவரை அழைத்து வந்து பொரித்த உருளைக்கிழங்கு மட்டும் கொடுத்து உட்காரவைப்பது பாவம். அன்றைக்கு வேறு கடைக்குப் போங்கள்.

மீன் சாப்பிட்டுவிட்டுத் தயிர், ஐஸ்கிரீம் சாப்பிட்டால் தோலில் வெள்ளை விழுமா?

விழாது. வெண்புள்ளி என்பது உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் நிறமிச் செல்களையே தாக்குவதால் வருவது, மீனுக்கும் பாலுக்கும் அதில் பங்கு இல்லை. வீட்டுப் பெரியவர்கள் வேண்டாம் என்றால் அவர்கள் மனதுக்காக விட்டுவிடுங்கள், குழந்தைகளுக்கு வாங்கிக் கொடுங்கள்.

எந்த நாள், எந்த நேரம் வருவது?

செவ்வாய், புதன், மதியம் பன்னிரண்டரை. காலையில் வாங்கின மீன், காலியான மேஜை, பேச நேரமிருக்கிற சப்ளையர். மூன்று மணிக்கு மேல் பல இடங்களில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். சனிக்கிழமை இரவுதான் வர முடியும் என்றால் புக்கிங் செய்யாமல் வராதீர்கள். கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் வண்டி விடமாட்டார்கள், அதனால் பக்கத்துத் தெருக்களெல்லாம் அடைத்துவிடும். வண்டியைத் தள்ளி விட்டுவிட்டு நடந்து வாருங்கள். புரட்டாசியில் பாதிப் பேர் அசைவத்தை விட்டிருப்பார்கள், கூட்டமும் குறைவு, மீன் விலையும் குறைவு.

பில்லில் எதைப் பார்க்க வேண்டும்?

சாப்பாட்டுக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி. நட்சத்திர விடுதிக்குள் இருக்கும் உணவகம், அங்கே அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் என்றால் 18 சதவீதம். சர்வீஸ் சார்ஜ் என்று தானாகச் சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே அப்படிச் சேர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எடுக்க மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் எண் இருக்கிறது. அதற்காகச் சப்ளையருக்கு டிப்ஸ் கொடுக்காமல் வந்துவிடாதீர்கள். எந்த மீன் நன்றாக இல்லை என்று உண்மையைச் சொன்னவர் அவர்தான், அவர் கையிலேயே கொடுங்கள்.

கடலூரிலேயே சாப்பிடக் கூடாதா, 25 கிலோமீட்டர் எதற்கு வர வேண்டும்?

மீனுக்காக என்றால் வரவே வேண்டாம். முதுநகர் துறைமுகத்தில் இறங்குவது எந்த விதத்திலும் குறைந்ததில்லை, அங்கே மெஸ்களில் கிடைக்கும் குழம்பு மீன் சாப்பாட்டை நான் இன்றைக்கும் தேடிப் போகிறேன். ஆனால் அங்கே அரை மணியில் சாப்பிட்டு எழ வேண்டும், அடுத்த ஆள் நாற்காலிக்குப் பின்னால் நிற்பார். இரண்டு மணி நேரம் குடும்பமாக உட்கார்ந்து, பேசிக்கொண்டே, ஒவ்வொரு தட்டாகச் சாப்பிட இங்கே வருகிறோம்.

மிச்சமானதை என்ன செய்வது?

பார்சல் கேளுங்கள். முக்கியமாக முழு மீன் வாங்கினால் தலையை விட்டுவிட்டு வராதீர்கள், கன்னத்துச் சதையை யாராவது எடுத்துச் சாப்பிட்டுவிடுங்கள், மீதியைக் கட்டி வாங்கி மறுநாள் புளி கரைத்துக் கொதிக்க வையுங்கள். போன வாரம் கொடுவாத் தலையை நாங்கள் அப்படித்தான் கொண்டுவந்தோம். அம்மா வடகம் தாளித்து இறக்கினார், இட்லிக்குத் தொட்டுச் சாப்பிட்டோம்.